ஒன்பது மறுப்புக் கடிதங்கள்

எங்கள் ஆபீஸில் பதவி உயர்வு வேண்டாம் என்று கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்த நாலு மாடிக் கட்டடம். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டு திடகாத்திரமாக இருக்கிறார்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். கோப்பு நகர்ந்தால்தான் உலகம் நகரும் என்று நம்புகிற இடம், அவ்வளவு தெரிந்தால் போதும். நான் அங்கே டைப்பிஸ்ட். இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் என் மெஷின்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி மாதத்தை ஒட்டி, ஒரு பட்டியல் வரும். டைப்பிஸ்டுகள், கிளார்க்குகள் எல்லோரிலும் சீனியாரிட்டிப்படி யார் யார் ஆபீசராகலாம் என்ற பட்டியல். பெயர் வந்தவர்கள் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஆறு வாரம் பயிற்சி, அப்புறம் இரண்டு வருஷம் கட்டாயமாக வெளியூர். பட்டியல் வந்த அன்றைக்கு ஆண்கள் வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போவார்கள். பெண்கள் என் மேஜைக்கு வருவார்கள்.

ஏனென்றால் மறுப்புக் கடிதம் என்னிடம்தான் இருந்தது. நாலே வரி, ஆங்கிலத்தில். நான் முதல் தடவை மறுத்தபோது எனக்காக எழுதியது. அதில் 'டொமஸ்டிக் சர்க்கம்ஸ்டன்ஸஸ்' காரணமாக என்று ஒரு இடம் வரும். அந்த இரண்டு வார்த்தைக்குள் மாமியாரின் முட்டிவலி, குழந்தையின் பரீட்சை, புருஷனின் முகச்சுளிப்பு எல்லாம் அடங்கிவிடும், ஒருத்தரும் அதை விரித்துக் காட்டு என்று கேட்க மாட்டார்கள். அதனால் அது பெண்களிடையே பிரசித்தமாகிவிட்டது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, இரண்டு கார்பன் வைத்து, தட்டிக் கொடுப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள்.

என்னுடையதும் அதிலே ஒன்று இருக்கும். ஒன்பது வருஷம், ஒன்பது கடிதம்.

மத்தியானம் ரெக்கார்ட் ரூமுக்குப் பக்கத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து சாப்பிடுவோம். அங்கே யாராவது என்னிடம், "இவ்வளவு நல்லா இங்கிலீஷ் எழுதறீங்க, நீங்க ஏன் ஆபீசராகலை?" என்று கேட்டால் நான் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே, "அவர் விடலை" என்பேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். உடனே ஆறு பேரும் உச்சுக் கொட்டுவார்கள். ஒருத்தி தன் பாக்ஸிலிருந்து உருளைக்கிழங்கு ரோஸ்டை என் பக்கம் தள்ளுவாள். அந்த ரோஸ்ட் ருசியாக இருக்கும், அந்த அனுதாபம் அதைவிட ருசியாக இருக்கும்.

இதற்கு வேர் எங்கே என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். நான் பிறந்தது மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் எதையும் முதல் தடவை கேட்டவுடன் வாங்கிக்கொள்வது மரியாதை இல்லை. பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்தால் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டி "போறும், போறும்" என்று சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர் அதைச் சட்டை செய்யாமல் விரல் இடுக்கு வழியாகவாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். புடவை எடுத்தாலும் அப்படித்தான், சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை அரை மனதாக ஒத்துக்கொள்கிற பெண்ணுக்கு நல்ல பெண் என்று பெயர். நான் ரொம்ப நல்ல பெண்.

அடையாறில் வாழ்க்கைப்பட்டேன். இவர்கள் வீட்டிலும் அதே சாம்பார், அதே ரசம். ஆனால் ஆட்கள் வேறு மாதிரி. முதல் நாள் சாப்பாட்டில் மாமியார் பாயசம் கொண்டுவந்தார், நான் வழக்கப்படி கையை நீட்டி "போறும்" என்றேன். சரி என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். பால் பாயசம், முந்திரி மிதந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் திரும்பி வரவே இல்லை.

என் கணவரும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்குச் சொல்ல மாட்டார். டிசம்பர் சீசனில் பக்கத்துச் சபாவில் கச்சேரிக்கு ஒரே ஒரு பாஸ் கிடைத்தால், "நீ போறியா?" என்பார். "நீங்க போயிட்டு வாங்கோ" என்பேன். போய்விட்டு வருவார். நன்றாக இருந்தது என்றும் சொல்வார். நான் இரண்டு நாள் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பேன். அவருக்கு அது பாத்திரச் சத்தம்தான்.

இப்படித்தான் தொண்ணூற்றாறு வந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, பெண் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் வைகாசியில் என் ஆபீஸ் தோழி ஒருத்தியின் தம்பிக்கு வடபழனியில் கல்யாணம். மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு நேர் எதிரே உட்காருகிறவள், ரோஸ்ட் தள்ளுகிற புண்ணியவதி அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்பதால் கணவரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அதுவரை அவர் என் ஆபீஸ்காரர்கள் யாரையும் பார்த்தது கிடையாது. பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். தோழி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையை மேற்பார்வை பார்த்தபடி வந்தவள், எங்கள் முன்னால் நின்றாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அக்கா மாதிரி இங்கிலீஷ் எழுத எங்க ஆபீஸ்ல ஆளே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா எப்பவோ ஆபீசர் ஆகியிருப்பாங்க. ஒம்போது வருசமா அந்த மெஷின் முன்னாடியே உக்காந்துகினு இருக்காங்க, பாவம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கையிலிருந்த வடையை இலையில் வைத்தேன். கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு அப்பளம் போகவில்லை என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். சைதாப்பேட்டை தாண்டினோம். காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில், சாலையோர மர நிழலில், அவர் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டும் போட்டுவிட்டார். நான் காஞ்சிபுரம் பட்டும் தலை நிறையப் பூவுமாக இறங்கி நின்றேன்.

"ஆபீசர் வேலை வந்ததா உனக்கு?"

"வந்தது."

"ஒன்பது தடவையா?"

"ஆமா."

"நான் எப்போ வேண்டாம்னு சொன்னேன்?"

தப்புச் செய்தவளுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வரும். நான் ஆரம்பித்தேன். வாயால் சொன்னால்தான் சொன்னதா, உங்கள் மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா, அம்மாவுக்கு முட்டிவலி, குழந்தைக்குப் பரீட்சை, இந்த வீட்டில் எனக்கென்று எதற்கு நேரம் இருந்தது, கச்சேரிக்காவது ஒரு நாள் வற்புறுத்திக் கூப்பிட்டது உண்டா என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கணக்கு வாத்தியார் குரலில் சொன்னார்.

"என் மூஞ்சி பொறந்ததுலேருந்து இப்படித்தான் இருக்கு. நீ என்னைக் கேட்டியா? நான் வேண்டாம்னேனா? ஒரே ஒரு தடவை சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

நான் தேடினேன். நிஜமாகவே தேடினேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. பட்டியல் என்று ஒன்று வருகிறது என்பதையே நான் வீட்டில் சொன்னதில்லை. அவர் ஸ்டாண்டை எடுத்தார், நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்று நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வழக்கம்போல ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதுதான் என் கோபத்தின் லட்சணம். வேளா வேளைக்குச் சமையல் செய்து, துணி மடித்து, தலை வாரிவிட்டுக் கோபமாக இருந்தால் யாருக்குத் தெரியும்? நாலாம் நாள் ஆபீஸில் என் மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து பழைய கார்பன் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது தாளிலும் ஒரே நாலு வரி. முதல் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இதை ஏன் எழுதினேன் என்று என்னையே கேட்டேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

என் பெயர் முதல் தடவை பட்டியலில் வந்த வருஷம், எங்கள் பிரிவில் ஒரு பெண் ஆபீசர் இருந்தார். ஒரு கடிதத்தில் தேதி தப்பாகப் போய்விட்டது என்று பெரிய அதிகாரி அவரை ஹாலின் நடுவில் நிற்க வைத்து, நாற்பது பேர் பார்க்க, வறுத்து எடுத்துவிட்டார். அவர் ரெக்கார்ட் ரூமுக்குள் போய் அலமாரிகளுக்கு நடுவே நின்று அழுததை நான் பார்த்தேன். இதில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தை டைப் செய்தது நான். தேதியைத் தப்பாகத் தட்டியது நான். தாளின் இடது பக்கம் அடியில், டைப்பிஸ்ட் யார் என்று காட்ட, என் பெயரின் இரண்டு எழுத்து பொடிசாக இருந்தது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போட்டவரைத்தான் பிடிப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன், அந்த வாரமே அந்த நாலு வரிக் கடிதத்தை எழுதினேன்.

கையெழுத்துப் போடப் பயந்து கீழே இரண்டு எழுத்தாக இருந்துகொண்டேன், வெளியே கேட்டவர்களுக்குப் புருஷனைக் காட்டினேன். ஒரு மனுஷர் அடையாறில் தன் பாட்டுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நந்தனத்தில் ஆறு பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. தெரியாமலேயே செத்துப் போயிருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் எரிச்சல் வந்தது, இந்தத் தடவை சரியான ஆள் மேல்.

ஆடியில் பட்டியல் வந்தது. பத்தாம் தடவையாக என் பெயர். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, காபியை அவர் கையில் கொடுத்து, நின்றபடியே கேட்டேன். ஆபீசர் வேலை, ஆறு வாரம் பயிற்சி, இரண்டு வருஷம் வெளியூர், வார விடுமுறைக்கு வருவேன், எனக்குப் போக ஆசையாக இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். முப்பத்தெட்டு வயதில் 'ஆசை' என்ற வார்த்தையை அந்த வீட்டில் முதல் தடவையாகச் சொன்னேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"வேண்டாம்னு தோணறது. அம்மாவால இனிமே தனியா முடியாது. இவ ஒன்பதாவது வந்துட்டா. என்னாலயும் சமாளிக்க முடியாது, உள்ளதைச் சொல்றேன்."

அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டேன், நினைத்ததைச் சொன்னார். ஆனால் எனக்குள் அப்போது என்ன நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. இனிமேல் மத்தியானச் சாப்பாட்டில் 'அவர் விடலை' என்று சொன்னால் அது சத்தியம். ஒன்பது வருஷப் பொய்யை ஒரே நாளில் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டார். ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாகப் பத்தாவது கடிதத்தைத் தட்டினேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

அன்று பதினொரு மணிக்கு எங்கள் பிரிவில் புதிதாகப் பட்டியலில் வந்த ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள், தி. நகரில் வீடு. "அக்கா, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றாள். நான் பெரிய மனுஷி தோரணையில், வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"ஒரு கஷ்டமும் இல்லக்கா. அவர் போ போன்னுதான் பிடுங்கறாரு. எனக்குத்தான் பிடிக்கல. அஞ்சரைக்கு பையைத் தூக்கிக்கினு கிளம்பி, பாண்டி பஜார்ல வேடிக்கை பாத்துக்கினே நடந்து வீட்டுக்குப் போறேன் பாருங்க, அதை எந்த ஆபீசர் வேலைக்கும் தர மாட்டேன்."

நான் தட்ட ஆரம்பித்தேன். டொமஸ்டிக் என்ற வார்த்தையின் பாதியில் கை நின்றுவிட்டது. இவளுக்கு எதற்கு இந்த வார்த்தை? தாளை உருவிவிட்டு வேறு தாள் போட்டேன். எனக்கு இந்தப் பதவி உயர்வில் விருப்பமில்லை என்று ஒரே வரி தட்டிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துச் சிரித்தாள், இவ்வளவுதானா என்று கேட்டாள், பேனாவை வாங்கி அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீஸில் யார் மேலும் பழி போடாமல் வேண்டாம் என்று சொன்ன முதல் பெண் அவள்தான். எங்களில் போகாமல் இருந்தவர்களிலேயே சந்தோஷமாக இருந்தவளும் அவள்தான்.

என்னுடைய பத்தாவது கடிதம் இன்னும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, மனசுக்குள் அந்த ஒரே வரியை அதில் போட்டுப் பார்த்தேன். எனக்கு விருப்பமில்லை என்று நான் கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. எனக்கு விருப்பம் இருந்தது. அப்படியானால் அவர் வேண்டாம் என்று சொன்னதற்கு அப்புறமும் போகாமல் இருக்கப் போவது நான்தான். அவர் என் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. சொன்னார், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் நான் கற்பனை செய்து வைத்திருந்த மறுப்பு மலையளவு இருந்தது. நிஜ மறுப்பு வந்தபோது நாலு வாக்கியம், காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கடிதத்தைக் கிழித்தேன். ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி தட்டினேன். கீழே டைப்பிஸ்ட் இடத்தில் என் இரண்டு எழுத்து, வலது பக்கம் என் முழுக் கையெழுத்து. மாடி ஏறிப் போய் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அன்றைக்கே சொன்னேன். "நான் வேண்டாம்னேனே" என்றார். "ஆமா. நான் கேட்டேன், நீங்க சொன்னேள். ஆனா நான் போறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கேட்டால் பதிலைப் பின்பற்றத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் எதற்குக் கேட்டாய் என்றார். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். முகம் சிவந்து எழுந்து போய்விட்டார்.

மாமியார் கூடத்தில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "இந்தாத்துல உனக்கு என்னடிம்மா கொறைச்சல்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கொறை ஒண்ணும் இல்லைம்மா. ஆசை இருக்கு" என்றேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

இதோடு சுபம் போட்டுவிட ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. பயிற்சி முடிந்ததும் என்னைச் செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்புவேன். என் பெண் ஒரு பருவம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, கணக்கில் மார்க் இறங்கியது, அதுவும் கணக்கு வாத்தியார் வீட்டில். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தலைக்கு மேல் வளர்ந்த பெண்ணை விட்டுவிட்டு உத்தியோகம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று என் காதுபடவே பேசினார்கள். வாடகை அறையில் ஸ்டவ் பற்றவைத்து ஒருத்திக்கு மட்டும் ரசம் வைக்கும்போது அழுதிருக்கிறேன். பல நாள் அழுதிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அந்த அழுகையை யார் தலையில் கட்டலாம் என்று நான் தேடவில்லை. நானாக வந்தேன், நானாக அழுதேன், மூக்கைச் சிந்திவிட்டு ரசத்தை இறக்கினேன்.

நான் அந்த ஊருக்குப் போன பிறகு கணவர் நாற்பது நாள் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி என்னைத் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விடுவார். பேசாமல் விடுவார், பேசாமல் திரும்பிப் போவார். மழை பெய்தாலும் ஒரு திங்கள் தப்பியதில்லை. இதைக் கேட்பவர்கள் உடனே, 'பார்த்தாயா, மனசுக்குள் அவருக்குச் சம்மதம்தான்' என்கிறார்கள். இல்லை. அவருக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லாமலே கொண்டுவந்து விட்டார். அவர் எப்படி இருந்தாரோ அப்படியே அவரை விட்டுவைக்க எனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. மூஞ்சியைப் பார்த்து அர்த்தம் எழுதுகிற வேலையை நான் விட்டிருந்தேன்.

நான் பயந்துகொண்டிருந்ததும் நடந்தது. அந்த ஊருக்குப் போன மூன்றாவது மாதம், நான் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தில் ஊர்ப் பெயரே மாறிப்போய்விட்டது. தட்டியவன் தப்பு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி வைத்துக் கத்தினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் கத்தினார். "என் தப்புதான் சார், திருத்தி இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றேன். அதற்கு மேல் கத்த அவரிடம் ஒன்றும் இல்லை. டைப்பிஸ்ட் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்தான். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். அவனை ஒன்றும் சொல்லவில்லை. என் இடத்துக்குத் திரும்பி வந்தபோது பசி எடுத்தது. ஒன்பது வருஷம் பயந்து ஒளிந்தது இந்த நாலு நிமிஷத்துக்காக என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

இரண்டு வருஷம் முடிந்து நந்தனத்துக்கே திரும்பினேன். ஆபீசர்கள் தனியாகச் சாப்பிடுவது வழக்கம். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரெக்கார்ட் ரூம் பக்கம் போனேன். அதே இடம், பழைய முகம் நாலு, புது முகம் இரண்டு. எனக்கு எதிரே அதே தோழி. புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண் என்னைப் பார்த்து, உண்மையான அன்போடுதான் சொன்னாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்க மேடம். உங்க வீட்டுக்காரர் எவ்ளோ நல்லவர், ரெண்டு வருசம் வெளியூருக்கு விட்டாரே."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். போகாமல் இருந்தபோது அது அவருடைய குற்றமாக இருந்தது. போய்விட்டு வந்தால் அது அவருடைய பெருமையாம். இரண்டிலும் நான் எங்கே? பதில் எளிதாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஆறு பேரும் மகிழ்வார்கள், ரோஸ்ட் வரும்.

"விடலை" என்றேன்.

அந்தப் பெண் விழித்தாள். தோழி கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் வேண்டாம்னுதான் சொன்னார். அதுவும் அந்த ஒரு தடவைதான் சொன்னார். அதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் அவர் விடலைன்னு இதே இடத்துல நான் சொன்னது பொய். அப்போ போகாம இருந்ததும் நான்தான். இப்போ போனதும் நான்தான்."

தோழி என்னை முறைத்தாள். ஒன்பது வருஷ அனுதாபத்தை ஏமாற்றி வாங்கியவள் நான், அவளுக்கு முறைக்க உரிமை உண்டு. அப்புறம் தன் டிபன் பாக்ஸின் அடுத்த அடுக்கைத் திறந்தாள். கரண்டியில் ரோஸ்டை எடுத்து, எனக்குப் போடுவதா வேண்டாமா என்று கையை நடுவிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

நான் மூடியை நீட்டினேன். "போடு. இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.